யார் வைத்த சூப்?

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் என் மடியில் ஒரு பை இருந்தது. உள்ளே பெங்களூரில் வாங்கிய நாலு லீக்ஸ் தண்டுகள். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில், என் கையாலேயே உருளைக்கிழங்கு லீக்ஸ் சூப் வைத்து நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

தங்கிய வீட்டில் சமைக்கும் அக்காவிடம் தண்டைக் காட்டி, "இது வெங்காயத்தாள் மாதிரிதான்க்கா, ஆனா வேற" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

"லீக்ஸ்தானே தம்பி" என்றார்.

அவருடைய அம்மா பிறந்தது நுவரெலியாவில். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம். இவர் கல்யாணமாகி இங்கே. லீக்ஸும் கிழங்கும் போட்டு, மிளகாய்த்தூள் தூக்கலாகப் பிரட்டியது அவர்கள் வீட்டில் சாதாரணக் குழம்புச் சோற்றுக்குத் தொட்டுக்கை. நான் மலையேற்றிக் கொண்டுவந்த அதிசயம் அவருக்குப் பழைய சங்கதி.

தண்டை நான் வட்ட வட்டமாக வெட்டப் போனேன். அவர் பிடுங்கி, நீளவாக்கில் கீறி, இதழ் இதழாக விரித்துத் தண்ணீரில் அலசினார். பாத்திரத்தின் அடியில் ஒரு கைப்பிடி மண். அவர் இல்லையென்றால் அன்றைக்கு எல்லோரும் நறநறவென்று மென்றிருப்போம். கிழங்கைச் சீவியதும் அவர்தான். வெண்ணெயில் லீக்ஸைச் சிவக்காமல் வதக்கியது நான். 5,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிழங்கு வேக நேரமாகும். இந்த விஷயத்தை அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் ஏற்கெனவே மூடியைப் போட்டுத் தீயைக் கூட்டியிருந்தார். வெந்ததும் மத்தால் கடைந்து, பால் ஊற்றி, மிளகு தட்டிப் போட்டது நான்.

நண்பர்கள் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்கள். "யாருடா வச்சது?" "நானேதான்." அவர் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

எங்கள் தொழிலில் கிட் என்றொன்று உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என்று இரண்டு பெயர்களைத் தனித்தனியாக வைத்திருக்கும். அலுவலகத்தில் என் பெயர் விட்டுப்போனால் சண்டைக்குப் போகிறவன் நான்.

இந்த சூப்பின் சரித்திரமும் இப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் இதை பார்மாந்தியே சூப் என்பார்கள். பார்மாந்தியே ராணுவ மருந்தாளுநர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவிடம் சிறைப்பட்டு, அங்கே உருளைக்கிழங்கு தின்று பழகி, ஊர் திரும்பி அதைப் பரப்பியவர். அடுப்படியில் கிளறிக்கொண்டிருந்தவர்கள் பெயர் எதுவும் சூப்பில் ஒட்டவில்லை. 1917 வாக்கில் நியூயார்க் ரிட்ஸ்-கார்ல்டனில் லூயி தியா இதையே குளிர வைத்து, தன் ஊருக்குப் பக்கத்திலிருந்த விஷியின் பெயரைச் சூட்டினார். அம்மா வைத்த சூப்தான் இது என்று அவர் ஒப்புக்கொண்டார், அதுவரை நல்லது. பெயர் என்னவோ ஊருக்குத்தான் போனது.

சம்பளம் கொடுக்கிறார்களே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். கூலி கொடுத்தால் வேலை கிடைக்கும். 'நான் செய்தேன்' என்ற வாக்கியமும் அதோடு கிடைத்துவிடுமா? சரி, எல்லோருக்கும் நன்றி சொல்வதென்றால் கிழங்கு தோண்டியவர், லாரி ஓட்டியவர் என்று பட்டியல் நீண்டு, கடைசியில் யாருக்குமே சொன்னதாக ஆகாது. அது தப்பிக்கிற வழி. என் கணக்கு சிறியது: அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது, அது பொய் என்று தெரிந்த ஒருவர் காதுக்கெட்டும் தூரத்தில் நின்றார்.

காலையில் காபி கொண்டுவந்தவரிடம், "ராத்திரி தப்பாச் சொல்லிட்டேன்க்கா. நீங்க இல்லாட்டி அது சூப்பே இல்ல" என்றேன். இதையும் என் நிம்மதிக்காகத்தான் சொன்னேனோ என்னவோ.

அவர் சிரித்தார். "மிச்சத்த லைன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன் தம்பி. மொளகாத்தூள் போட்டு இன்னொரு கொதி விட்டேன். அதுக்கப்புறந்தான் வாயில வைக்க முடிஞ்சுச்சு."