நாலு பேர் எங்கே?

(வேத வாசிப்பு: மாற்கு 2:1–12, யோவான் 9:1–7)

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன்பாக வைக்க ஏவப்படுகிறேன். தாயின் வயிற்றில் உருவாகும்போதே ரத்தத்தில் குறைபாட்டோடு உருவாகிற பிள்ளைகள் உண்டு. அந்தக் குறைபாடு தகப்பனிடமிருந்தும் தாயிடமிருந்தும் வருகிறது. பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. பெற்றவர்களும் தெரிந்து கொடுக்கவில்லை. அப்படியானால் இந்தச் சுமை யாருடையது? பெற்றவர்களுடையதா, அரசாங்கத்துடையதா, சபையுடையதா?

ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, எங்க வம்சத்துல ஏதோ சாபம் இருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?" இந்தக் கேள்வி நம் சபைகளில் புதிதல்ல. வேதத்திலேயே இருக்கிறது.

யார் செய்த பாவம்?

பிறவிக்குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் முதலாவது கேட்டது அவனுடைய பெயரை அல்ல. பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்றுதான் கேட்டார்கள். ஆண்டவரோ இரண்டையும் மறுத்தார். எசேக்கியேல் 18-ம் அதிகாரமும் தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் தலையில் சுமத்துகிற பேச்சை அடியோடு நிறுத்துகிறது. ஆனாலும் நாம் இன்னும் வம்சச் சாபம், முன்னோர் பாவம் என்று சொல்லி, ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிற தாயை இன்னும் அழவைக்கிறோம்.

இந்த வியாதிகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். ஹீமோபிலியா என்பது ரத்தம் சரியாக உறையாத வியாதி. ரத்தத்தை உறையவைக்கிற 8-வது அல்லது 9-வது காரணி குறைவாக இருக்கும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே கடுமையாக வரும். தாய் அதன் கூறைத் தாங்கியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. உடனே, "அவ வீட்டு வியாதி" என்று மாமியார் வீட்டில் பேச்சு கிளம்பும். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்குமே இந்த வியாதி இருந்ததில்லை. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி இந்தக் கூறைத் தாங்கியிருந்தார். அவருடைய மகன் லியோபோல்டுக்கும், ரஷ்ய அரச குடும்பத்தில் அவருடைய கொள்ளுப்பேரன் அலெக்ஸிக்கும் இந்த வியாதி இருந்தது. அரண்மனைக்கும் குடிசைக்கும் இது பேதம் பார்ப்பதில்லை.

தலசீமியா வேறு விதம். தாய், தகப்பன் இருவரும் நல்ல சுகத்தோடுதான் இருப்பார்கள். ஆனால் இருவரும் அந்தக் கூறைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளை கடுமையான ரத்தசோகையோடு பிறக்கும். நம் தேசத்தில் வருஷத்துக்குச் சுமார் 10,000 பிள்ளைகள் இப்படிப் பிறக்கிறார்கள். சிக்கிள் செல் சோகையும் இதேபோல் இரு பக்கத்திலிருந்தும் வருவதுதான். அதில் ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து, சிறு ரத்தக்குழாய்களை அடைத்து, தாங்கமுடியாத வலியைக் கொடுக்கும். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952-ல், நம் தமிழ்நாட்டு நீலகிரி மலையின் ஆதிவாசி மக்களிடத்தில்தான்.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. சிக்கிள் செல் கூறை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கொடிய மலேரியாவை எதிர்க்கும் பலம் இருக்கிறதென்று 1954-ல் அந்தோணி அலிசன் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். மலேரியா வாட்டிய இடங்களில் முன்னோர் பிழைக்க உதவிய அதே கூறுதான், இரு பக்கத்திலிருந்தும் சேரும்போது பேரப்பிள்ளைக்குப் பாரமாகிறது. இதையா சாபம் என்கிறோம்?

நாலு பேருக்குப் பயம்

இந்த வியாதியுள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு, "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்பதே. பையனுக்கு ஹீமோபிலியா என்று தெரிந்தால் அக்காவுக்கு வரன் வராது என்று பயம். ஆகவே முட்டி வீங்கினாலும், கீழே விழுந்துவிட்டான் என்று சொல்லி மறைக்கிறார்கள். சபையிலும் சொல்வதில்லை. சொன்னால், "இன்னும் சுகம் கிடைக்கலையா? ஏதோ அறிக்கை செய்யாத பாவம் இருக்குது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பத்து எழுப்புதல் கூட்டத்தில் முன்னால் வந்து நின்ற பிள்ளை, பதினோராவது கூட்டத்துக்கு வரக் கூசுகிறான்.

ஆனால் கப்பர்நகூமில் ஒரு நாலு பேர் இருந்தார்கள். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் இடமில்லை என்று திரும்பிப்போகவில்லை. வீட்டின் மேல் ஏறிக் கூரையைப் பிரித்தார்கள். இயேசு அங்கே யாருடைய விசுவாசத்தைக் கண்டார்? தூக்கி வந்தவர்களுடைய விசுவாசத்தையும் கண்டார்! படுத்திருக்கிறவனுக்கு விசுவாசம் போதுமா என்று அளந்து பார்க்கிற நாம், தூக்குகிறவர்களின் விசுவாசம் எங்கே என்று நம்மையே கேட்டதுண்டா?

தேவப்பிள்ளைகளே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 17 யூனிட். பிள்ளை வளர வளர இது கூடும். ஆரோக்கியமான ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். நாலு சகோதரர்கள் வருஷத்தில் நாலு தடவை கொடுத்தால் 16 யூனிட். ஒரு சகோதரியும் சேர்ந்துகொண்டால் கணக்கு நிரம்பிவிடும். ஒரு பிள்ளை உயிரோடிருக்க வேண்டியது அதே நாலு பேரும் கூட ஒரு ஆளும்தான்!

நம்முடைய ரத்தம் வேறு பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை. ரத்த வங்கியில் அது இன்னொருவருக்குப் போகும், அந்தப் பிள்ளைக்கு ஏற்றது இருப்பிலிருந்து வரும். அரசு ரத்த வங்கிகளில் இந்த நோயாளிகளுக்கு ரத்தம் இலவசம். ஆனால் இருப்பு இருந்தால்தானே கொடுப்பார்கள்? கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடும்போது ரத்தம் கொடுப்போர் குறைந்துபோகிறார்கள். பிள்ளையின் உடம்புக்கு விடுமுறை உண்டா?

சிலர், அப்போஸ்தலர் 15-ம் அதிகாரத்தில் ரத்தத்துக்கு விலகியிருக்கச் சொல்லியிருக்கிறதே என்கிறார்கள். அது ரத்தத்தைப் புசிப்பதைக் குறித்த கட்டளை. உயிர் ரத்தத்தில் இருக்கிறதென்று வேதம் போதிப்பதால்தான் அது அற்பமாக எண்ணப்படக் கூடாது. அப்படிப்பட்ட ஒன்றை இன்னொருவன் பிழைக்கும்படி கொடுப்பது கற்பனையை மீறுவதல்ல, அன்பின் கற்பனையை நிறைவேற்றுவது. இயேசுவின் ரத்தம் ஜெயம் என்று ஞாயிறுதோறும் ஆர்ப்பரிக்கிற நாம், 350 மில்லி கொடுக்கத் தயங்கலாமா?

ஜெபமா, மருந்தா?

தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன். இயேசு நேற்றும் இன்றும் மாறாதவர். ஆனால் "விசுவாசம் இருந்தால் ரத்தம் ஏற்றாதே, ஊசி போடாதே" என்று ஒரு பிள்ளையின் தாயிடம் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? ரத்தம் ஏற்றுவதை நிறுத்தினால், சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பிள்ளைதான் சாகும்.

ஆண்டவர் குஷ்டரோகிகளைச் சொஸ்தமாக்கியபோது என்ன சொன்னார்? போய் ஆசாரியனுக்குக் காண்பிக்கச் சொன்னார் (லூக்கா 17:14). சோதித்துச் சொல்ல அன்றைக்கு நியமிக்கப்பட்டவன் ஆசாரியன். மெய்யான சுகம் சோதனைக்குப் பயப்படாது. ஆகவே சுகம் பெற்றேன் என்கிறவர்கள் டாக்டரிடம் போய் ரத்தத்தைப் பரிசோதிக்கட்டும். டாக்டர் சொல்லும்வரை மருந்தை நிறுத்தவேண்டாம். எண்ணெய் பூசி ஜெபியுங்கள், அது வேதத்தின்படியானது (யாக்கோபு 5:14). ஆனால் ஹீமோபிலியா உள்ளவனின் வீங்கின முட்டியில் எண்ணெய் தடவி உருவாதீர்கள். உள்ளே ரத்தக்கசிவு அதிகமாகும். ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்காதீர்கள். உடனே காரணி ஊசி போடுகிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நம் அமிர்தியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் வேலூர் இருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் அங்கே தொடங்கிய ஊழியமே இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே 1986-ல் தலசீமியா உள்ள ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். ஹீமோபிலியா உள்ள ஐந்து பேருக்கு ஆராய்ச்சி முறையில் மரபணு சிகிச்சை கொடுத்து, அதன் பலனை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை. இதையும் தேவனுடைய கரம் என்று சொல்ல நமக்கு வாய் வரவேண்டாமா?

சபை செய்யவேண்டியது

முதலாவது, 18 வயதுக்கு மேற்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள விசுவாசிகளின் பட்டியல் ஒன்று சபையில் இருக்கட்டும். யார் எந்த மாதம் ரத்தம் கொடுக்கிறார் என்று எழுதிவையுங்கள்.

இரண்டாவது, மலைமேலுள்ள ஊர்களிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு இறங்குகிற தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது. பஸ் செலவும் துணைக்கு ஒரு ஆளும் சபையின் பொறுப்பாகட்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. படித்த வாலிபர்கள் அந்தச் சான்றிதழுக்கு மனு எழுதிக்கொடுங்கள்.

மூன்றாவது, கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்வது அவிசுவாசம் அல்ல. விசேஷமாக மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிக்கிற நம் வீடுகளில் இது அவசியம். கூறு இருக்கிறதென்று தெரிந்தவர்களைத் தள்ளிவைக்கவும் கூடாது. கூறைத் தாங்குகிற ஒருவருக்கும் தாங்காத ஒருவருக்கும் பிறக்கிற பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வராது. முடிச்சுப் போடுமுன் உண்மையைப் பேச தைரியம் வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது, அந்தப் பிள்ளைகளை ஜெபக்குறிப்பாக மட்டும் பார்க்காதீர்கள். பாடட்டும், சாட்சி சொல்லட்டும், ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கட்டும். சுகம் கிடைத்த பிறகுதான் சாட்சி என்று யார் சொன்னது?

பிரியமானவர்களே, இந்தச் சுமை யாருடையது என்று ஆரம்பத்தில் கேட்டேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதே கிறிஸ்துவின் பிரமாணம் என்று கலாத்தியர் 6-ல் பவுல் எழுதியிருக்கிறார். அதில் பரம்பரைப் பாரத்துக்கு விதிவிலக்கு இல்லை. நாலு பேருக்குப் பயந்து வாழ்கிற குடும்பங்கள் நம் நடுவில் இருக்கின்றன. அந்த நாலு பேர் நாம்தான். பேசுகிற நாலு பேராக இருப்போமா, தூக்குகிற நாலு பேராக இருப்போமா? வருகிற உபவாச ஜெபத்துக்கு வரும்போது உங்கள் ரத்தப் பிரிவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்,
அமிர்தி சபை