கொண்டபின் இரங்கல்

விலையுயர்ந்த பொருளொன்றை நெடுநாள் விரும்பிப் பலகாலும் ஆராய்ந்து, இறுதியிற் பணங்கட்டி வரவழைக்க ஏற்பாடு செய்த ஒருவன், அப்பொருள் தன் கைக்கு வந்து சேருமுன்னரே மனம் வருந்துகின்றான். இத்துணைப் பொருளைச் செலவிட்டிருத்தல் வேண்டுமோ, சின்னாள் பொறுத்திருப்பின் இதனினுஞ் சிறந்தது குறைந்த விலைக்குக் கிடைத்திராதோ, பழையதே போதியதாய் இருந்ததன்றோ என்றெல்லாம் எண்ணி உறக்கமொழிகின்றான். இக்காலத்துப் புதிய கணினி வாங்குவோரிடத்து இவ்வருத்தம் பெரிதுங் காணப்படுகின்றது. கடைத்தெருச் செய்திதானே இது என்று கற்றோர் இதனைத் தள்ளிவிடுதல் தகாது. தன்னைத் தானே குறைகூறும் மனத்தின் குரல் எப்பொழுது மெய்யுரைப்பது, எப்பொழுது வீண்புலம்பல் என்னும் அறநூல் வினா இதனுள் அடங்கியுள்ளது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒன்று நோக்கற்பாலது. வாங்கிய கணினி இன்னும் வந்திலது. அதன் குணமும் குற்றமும் இன்னும் அறியப்பட்டில. ஆதலின் இவ்வருத்தம் பொருளின் குற்றத்தாற் பிறந்ததன்று. தேர்ந்த செயலைப் பற்றியே பிறந்தது. பணங்கட்டுமுன் பல வழிகள் திறந்திருந்தன. கட்டியவுடன் ஒன்றொழிய ஏனையவெல்லாம் அடைபட்டன. அடைபட்டவை அதுமுதல் அழகியவாய்த் தோன்றத் தொடங்குகின்றன. இங்ஙனம் தோன்றும் இரக்கத்தை யாம் மூன்றாகப் பகுக்கின்றாம். இனி வரவிருப்பதை நோக்கி இரங்கல் ஒன்று. விட்டதை நோக்கி இரங்கல் ஒன்று. செய்யத்தக்க கடனை நோக்கி இரங்கல் ஒன்று. இம்மூன்றும் ஒரே குரலிற் பேசுதலாலேயே மக்கள் மயங்குகின்றனர்.

வரவிருப்பதை நோக்கி இரங்கலாவது, 'இன்னும் பொறுத்திருந்தால்' என்பது. கணினிக்கு இவ்விரக்கம் ஏனைய பொருள்களினும் மிகுதியாக உரியது. ஒரு சில்லில் அமையும் உறுப்புக்களின் தொகை ஆண்டுதோறும் இருமடங்காகும் என்று 1965 ஆம் ஆண்டில் கோர்டன் மூர் என்பார் எழுதினார்; 1975 ஆம் ஆண்டில் அதனை இரண்டாண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தியுரைத்தார். பல்லாண்டுகள் தொழில் அவ்வழியே சென்றது. அவ்வேகம் இந்நாளிற் குறைந்ததெனினும், வாங்குவோன் நெஞ்சிற் படிந்த எண்ணம் குறைந்திலது. நாளை இதனினுஞ் சிறந்தது வரும் என்பதை அவன் அறிந்தே வாங்குகின்றான். வாங்கியபின் அதனையே எண்ணி வருந்துகின்றான்.

இதற்குக் கண்கூடான சான்றுகள் உள. ஆப்பிள் நிறுவனத்தார் 1983 ஆம் ஆண்டு சனவரியில் லிசா என்னுங் கணினியை 9,995 டாலர் விலைக்கு வெளியிட்டனர். மறு ஆண்டு சனவரியில் அதே நிறுவனத்தார், அதனைப் போலவே திரையிற் படங்களைச் சுட்டி இயக்கத்தக்க மெக்கின்டாஷ் கணினியை 2,495 டாலருக்கு வெளியிட்டனர். நினைவகம் முதலியவற்றில் பின்னது சிறியதேயாயினும், ஏறத்தாழ நான்கிலொரு பங்கு விலை! முன்னதை வாங்கியோர் என்ன நினைத்திருப்பர் என்பதை எடுத்துரைத்தல் வேண்டா. ஆயினும், அவர் செய்தது குற்றமோ என்பதே வினா. வாங்கிய நாளில் மற்றையது கடையில் இல்லை. இல்லாததைத் தேர்ந்திலேன் என்று வருந்துதல், பிறவாத பிள்ளை கடன் கொடுக்கவில்லை என்று நோதலை ஒக்கும்.

அற்றேல், பொறுத்திருத்தலே அறிவுடைமை ஆகாதோ எனின், ஆகாது. நாளை சிறந்தது வருமென்பதே வாங்காமைக்குக் காரணமாயின், அக்காரணம் நாளையும் அவ்வாறே நிற்கும், மறுநாளும் நிற்கும். ஒருநாளும் அறாத காரணம் ஒருவனை ஒருநாளும் வாங்கவொட்டாது. எல்லா நாளுக்கும் பொதுவாகிய காரணம் இந்த நாளைக் குற்றப்படுத்தாது என்க. அன்றியும், பொறுத்திருப்போர்க்கு எப்பொழுதும் ஊதியமே என்பதும் பொய். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் சில்லுத் தட்டுப்பாடு உலகெங்கும் உண்டாக, கணினியின் வரைகலை அட்டைகள் குறித்த விலையினும் மிக்க விலைக்கு விற்கப்பட்டன. அப்பொழுது பொறுத்திருந்தோரே இரங்கினர்.

பின்வரும் இரக்கத்திற்கு அஞ்சி வாங்காதிருத்தல் விற்போரையும் வருத்தும். இதற்கு ஆடம் ஆஸ்போர்ன் என்பார் வரலாறு எடுத்துக்காட்டாகும். அவர் தந்தையார் ஆர்தர் ஆஸ்போர்ன், இரமண மகரிஷியை அடைந்து திருவண்ணாமலையில் வாழ்ந்த ஆங்கிலேயர். இரமணாசிரமத்தின் ஆங்கில இதழுக்கு முதலாசிரியராய் இருந்தவர். மைந்தரும் இளமையில் அவ்வூரில் வளர்ந்தவரே. அமெரிக்க நாடு சென்று, 1981 ஆம் ஆண்டில், கையில் எடுத்துச் செல்லத்தக்க ஆஸ்போர்ன் 1 என்னுங் கணினியை 1,795 டாலர் விலைக்கு விற்று அவர் பெரும்புகழ் பெற்றார். 1983 ஆம் ஆண்டில் அடுத்த வகைகளைப் பற்றிய செய்தி அவை விற்பனைக்கு வருமுன்னரே பரவியது. பரவவே, இருப்பதை வாங்குவானேன் என்று மக்கள் பொறுத்திருந்தனர், விற்பனை சுருங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் கடனிறுக்கமாட்டாது நீதிமன்றத்தை அடைந்தது. போட்டி முதலிய பிற காரணங்களும் உள என்பர், அது மெய்யே. ஆயினும் வணிக உலகில் இவ்வகைக் கேடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் 2003 ஆம் ஆண்டிற் கொடைக்கானலில் மறைந்தார்.

ஈண்டு ஒரு தடை நிகழும். 'விலையை விற்போனே உடனடியாகக் குறைத்தானாயின், முன்வாங்கியோன் வருந்துதல் நேர்மையன்றோ?' எனின், கூறுதும். ஆப்பிள் நிறுவனத்தார் 2007 ஆம் ஆண்டு சூன் இறுதியில் தம் முதற் கைப்பேசியை 599 டாலருக்கு விற்று, செப்டம்பர் முதல் வாரத்தில் 399 டாலராகக் குறைத்தனர். முன்வாங்கியோர் சினந்தனர். நிறுவனத்தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, தம் கடையிற் செலவிடத்தக்க 100 டாலரை அவர்க்கு அளித்தார். இதனுள் இரண்டு செய்திகள் கலந்து கிடக்கின்றன. விற்போன் நடந்துகொண்ட முறையிற் குறையிருப்பின் அது முறையீட்டிற்கு உரியது. அதனைக் கேட்டுப் பெறுதல் தக்கதே. ஆனால் வாங்கியோன் கையிலிருந்த பொருள் விலை குறைந்த அந்நாளில் யாதொரு குணத்தையும் இழந்திலது. முன்னாள் பேசியவாறே பின்னாளும் பேசிற்று. முறையீடு பிறனை நோக்கியது. இரக்கம் தன்னை நோக்கியது. முன்னதற்கு இடனிருத்தலால் பின்னதற்கும் இடனுண்டு என்று கொள்ளலாகாது.

இனி, விட்டதை நோக்கி இரங்கல். இதனை மேனாட்டு உளநூலார் நுணுகி ஆராய்ந்துள்ளனர். 1956 ஆம் ஆண்டில் ஜாக் பிரேம் என்பார், மகளிர் சிலரைக் கொண்டு வீட்டுக்கருவிகள் பலவற்றை மதிப்பிடுவித்து, இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்து கொள்ளச் செய்து, மீண்டும் மதிப்பிடுவித்தார். கொண்டதன் மதிப்பு உயர்ந்தது. விட்டதன் மதிப்பு தாழ்ந்தது. கருவிகள் மாறவில்லை, மதிப்போர் மனமே மாறிற்று. லியான் பெஸ்டிங்கர் 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்குக் காரணம் வகுத்தார். தன் செயலும் தன் எண்ணமும் முரணுவதை மனம் பொறாது. செயலை மாற்றவியலாதபோது எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. 1964 ஆம் ஆண்டில் அவர் கூட்டத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இன்னும் நுண்ணியது. படையிற் புதிதாய்ச் சேர்ந்தோர் இரண்டு வேலைகளுள் ஒன்றைத் தேர்ந்தனர். தேர்ந்த சில நிமிடத்தில் கொண்டது இழிந்ததாகவும் விட்டது உயர்ந்ததாகவும் தோன்றின. கால்மணி கழிந்தபின் அது தலைமாறிற்று. எனவே கொண்டவுடன் இரங்கலும், பின் தேறலும் மனத்தின் இயல்பான நடையென்று தெரிகின்றது. இயல்பாய் எழுந்து இயல்பாய் அடங்குவதொன்றை, நாம் தவறிழைத்தமைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பிழையாம்.

இவ்விரு வகையும் வீண் என்று காட்டி ஆறுதல் கூறுவதோடு நிற்போமாயின், இக்கட்டுரை வணிகர்க்கே பயன்படும். அஞ்சத்தக்கது மேலே உள்ளது. மூன்றாவது இரக்கம் வேறு இனத்தது. 'இப்பணம் எனக்குரியதோ? இதனால் யாருக்கு உரியது குறைந்தது?' என்று கேட்பது அது. ஒரு குடும்பத்தலைவன், மகள் படிப்புக்கென்று ஒதுக்கிய தொகையை எடுத்தோ, மனைவி அறியாமல் தவணைக்கடன் பட்டோ, தன் வேலைக்கு வேண்டுவதினும் மும்மடங்கு ஆற்றலுடைய கணினியை வாங்கினான் என்க. அல்லது ஒரு திருமடத்து நூல்நிலையத்தார், சுவடிகளைக் காத்தற்கென்று அன்பர் அளித்த பொருளைக் கொண்டு, சுவடிகளை ஒளிப்படமாகச் சேர்த்துவைக்க எளிய கருவியே போதுமாகவும், பெருமை கருதி மிக உயர்ந்ததை வாங்கினர் என்க; ஏடுகளுக்கு எண்ணெயிடுதற்கும் படியெடுப்போர்க்குக் கூலியளித்தற்கும் பொருளில்லாது போயிற்று. இவர் நெஞ்சில் எழும் வருத்தம் விலை குறைந்ததால் எழுந்ததன்று; விட்ட கருவியின் அழகால் எழுந்ததன்று. நாளைக்கே விலை இருமடங்கு ஏறி, வாங்கியது ஊதியமென்று உலகம் புகழினும் அவ்வருத்தம் நிற்கவேண்டும். அதுவே இதனை அறிதற்கு உரைகல். விலை ஏறினால் நீங்குவது விலையைப் பற்றிய வருத்தம். ஏறினும் நீங்காதது அறத்தைப் பற்றிய வருத்தம்.

இனிக் கேடு யாதெனின், மேற்கூறிய மனத்தின் தேறுதல் இம்மூன்றையும் வேறு பிரித்து அறிவதன்று. புலம்பலை அடக்கும் அதே கை நேரிய குரலையும் அடக்கிவிடும். கணினி வந்து இறங்கி, திரை ஒளிர்ந்து, சில நாள் பழகியபின், 'இஃது இன்றியமையாதது. முன்னரே வாங்கியிருக்கலாம்' என்று மனம் சொல்லத் தொடங்கும். மகளின் படிப்புத்தொகையும் ஏடுகளின் எண்ணெய்ப்பணமும் அச்சொல்லில் மறைந்துபோம். கடன் அடைபடாதிருக்க, வருத்தம் மட்டும் அடைபட்டுவிடும். ஆகலின், வருத்தமுடையோனைப் பார்த்து, 'எல்லார்க்கும் இங்ஙனமே. இரண்டுநாளிற் சரியாகிவிடும்' என்று தேற்றுவோர், மெய்யே கூறுகின்றாராயினும் எப்பொழுதும் நன்மை செய்கின்றாரல்லர். சரியாகிவிடுவது மனமேயன்றி, செயலன்று.

எனவே பணங்கட்டியதற்கும் பொருள் வந்துசேர்வதற்கும் இடைப்பட்ட நாள்களே ஆராய்ச்சிக்கு உரிய காலம். அப்பொழுதே மூன்று குரலும் கேட்கும். முதலிரண்டையும் மேற்காட்டிய நெறியாற் கழித்துவிட்டு, எஞ்சியது உண்டோ என்று நோக்குக. எஞ்சவில்லையாயின், உறங்குக. எஞ்சியதாயின், உடனே செயலில் இறங்குக. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2011 ஆம் ஆண்டில் வகுத்த நுகர்வோர் சட்டத்தின்படி, நேரிற் காணாது வாங்கிய பொருளைப் பெற்ற 14 நாளுக்குள் காரணங் கூறாதே திருப்பலாம். தன் குறிப்பின்படி தனியே அமைக்கச் செய்த பொருளுக்கு அவ்வுரிமை இல்லை. பிற இடங்களிலும் விற்போர் தாமே இத்தகைய தவணை வைத்திருப்பது உண்டு. அதனை அறிந்து பயன்படுத்துக. திருப்ப இயலாதாயின், நட்டத்திற்கேனும் விற்று உரியார்க்கு உரியதை ஈடுசெய்க. அதுவும் இயலாதாயின், மறைத்ததை வீட்டாரிடம் வெளிப்படச் சொல்லி, தன் செலவைச் சுருக்கி, அத்தொகையைத் திரும்ப நிரப்புக.

திருப்பும் உரிமையையும் நெடுக வைத்துக்கொண்டு ஊசலாடுதல் நன்றன்று. 2002 ஆம் ஆண்டில் டேனியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒளிப்படம் பயின்ற மாணவர் தாம் எடுத்த இரண்டு படங்களுள் ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு விடப்பட்டனர். பின்னர் மாற்றிக்கொள்ளலாம் எனப்பட்டோர், மாற்றலாகாது எனப்பட்டோரினும் தம் படத்தைக் குறைவாகவே விரும்பினர். ஆதலின் ஒருநாள் குறித்து, அதனுள் ஆராய்ந்து முடித்து, பின் அதனை மறத்தல் வேண்டும்.

இரங்குதல் தானே ஓர் அறமென்று கருதுவோர் உளர். வருந்தினமையே கழுவாய் என்று அவர் அமைகின்றனர். அங்ஙனமன்று. வருத்தம் கதவைத் தட்டுவோன் போல்வது. எழுந்து சென்று யார் என்று பார்த்தல் நம் கடன். வழிப்போக்கனாயின் விடைகொடுத்து அனுப்புக. கடன் கேட்க வந்தவனாயின் கொடுத்து அனுப்புக. இரண்டுஞ் செய்யாது, தட்டும் ஓசை தானே அடங்கும் என்று படுத்திருத்தலே இழுக்கு.