கோட்டை வாயிலும் சிற்பியின் மகளும்

வரலாற்றுப் புதினங்கள் நம் இல்லங்களுக்குள் வார இதழ்களின் வழியாகவே நுழைந்தன. கல்கி அவர்கள் 1941இல் 'பார்த்திபன் கனவை'யும், 1944இல் 'சிவகாமியின் சபத'த்தையும், 1950இல் 'பொன்னியின் செல்வ'னையும் தம் இதழில் தொடங்கினார்கள். அன்று வாரந்தோறும் காத்திருந்து படிக்கப்பட்ட கதைகள் பின்னர் நூல்களாகிப் பாட்டியின் கையிலிருந்து பேத்தியின் கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் போர் உண்டு, சூழ்ச்சி உண்டு, ஒற்றர் உண்டு, கடற்பயணம் உண்டு. ஆயினும் நூலை மூடிய பின் நெஞ்சில் தங்கி நிற்பவை பெரும்பாலும் உயர்வு தாழ்வு என்னும் வேலியைத் தாண்டிப் பிறந்த காதல்களே. அக்காதல்களுக்காக நாம் கண்ணீர் வடிக்கிறோம். அந்தக் கண்ணீரில் நியாயம் எவ்வளவு, பொழுதுபோக்கு எவ்வளவு என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம்.

சிவகாமியை எடுத்துக்கொள்வோம். அவள் ஆயனச் சிற்பியின் மகள், ஆடற்கலையில் வல்லவள். பல்லவ இளவரசர் மாமல்லர் அவளிடம் உள்ளத்தைப் பறிகொடுக்கிறார். அவருடைய தந்தை மகேந்திரரோ கலைகளின் காவலர். சிற்பியின் இல்லத்தை நாடி வருபவர். அவருடைய கலையையும் அவர் மகளின் கலையையும் மனமாரப் போற்றுபவர். இருந்தும் மகனின் காதல் அவருக்கு உவப்பாயில்லை. இந்த இடத்தைப் பலர் விரைந்து கடந்துவிடுவர். நாம் சற்று நிற்க வேண்டும். ஒருவனின் கைத்திறனைப் பாராட்டுவது வேறு, அவனைச் சம்பந்தியாக ஏற்பது வேறு என்னும் கணக்கு கொடியவனிடத்தில் இருந்தால் வியப்பில்லை. பண்பாளரான ஒரு மன்னரிடத்தில் அது இருப்பதாகக் காட்டியதே கல்கியின் நுட்பம். நம் ஊர்களிலும் ஆலிமின் மார்க்க ஞானத்தைத் தலைமேல் தாங்குவோர் உண்டு. அதே ஆலிமின் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் வந்தால் நிலபுலம் எவ்வளவு என்று கேட்போரும் அவர்களே.

பின்பு நடந்தது வாசகர் அறிந்ததே. சாளுக்கியர் சிவகாமியைச் சிறைபிடித்து வாதாபிக்குக் கொண்டு செல்கின்றனர். அந்நகர் எரிந்தாலன்றி அதைவிட்டு வெளியேறுவதில்லை எனச் சபதம் செய்கிறாள். அழைத்துச் செல்ல மாமல்லர் மறைவாக வந்தபோதும் தன் சொல்லைக் கைவிட மறுக்கிறாள். ஆண்டுகள் பல கழித்து வாதாபி வீழ்கிறது; வரலாற்றாசிரியர்கள் அவ்வீழ்ச்சியை 642ஆம் ஆண்டில் வைப்பர். காஞ்சிக்குத் திரும்பியவள் காண்பது, பாண்டிய இளவரசியை மணந்து மக்களோடு வாழும் மாமல்லரை. நாட்டு நலனுக்காக அந்த மணம் வேண்டியிருந்தது என்கிறது கதை. சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்படைத்துவிடுகிறாள்.

நாட்டு நலன் என்னும் வாதம் பொய்யானது என்று நாம் கூறவில்லை. பகைவர் சூழ்ந்த அரசுக்கு நட்பரசு தேவைதான். ஆனால் அந்த நலனுக்கு விலை கொடுத்தவர் யார்? மாமல்லருக்கு அரசி கிடைத்தாள், மக்கள் கிடைத்தனர், வெற்றிப் புகழும் கிடைத்தது. விலை முழுவதும் சிற்பியின் மகளின் கணக்கில் எழுதப்பட்டது. 'குடும்ப மானம்' என்ற பெயரில் இல்லங்களில் முடிவுகள் எடுக்கப்படும்போதும் கணக்கு இவ்வாறே எழுதப்படுவதைக் காண்கிறோம். மானம் எல்லாருக்கும் பொது. இழப்பு மட்டும் எளியவர் ஒருவருக்குத் தனி உடைமை.

எனினும் இந்த முடிவுக்காக நாம் ஆசிரியரைக் குறை கூறமாட்டோம். சிவகாமி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. ஆயனர் வளர்த்தவள் உண்மையில் காணாமற்போன ஓர் அரச குமாரி என்று இறுதியில் ஓர் இரகசியத்தை அவிழ்த்திருந்தால் எல்லாம் இனிதே முடிந்திருக்கும். கதையுலகில் அது மிகப் பழைய வித்தை. அவர் அதைச் செய்யவில்லை. வேலி வேலியாகவே நிற்கிறது. அதன் முள் நம்மைத் தைக்கிறது. கல்வெட்டுகள் கோட்டைக்குள் நுழைந்தவர்களின் பெயர்களையே பெரும்பாலும் காத்து வைத்திருக்கின்றன. வாயிலில் நிறுத்தப்பட்ட ஒருத்திக்கும் வாழ்வு உண்டு என்று சொல்லப் புதினம் ஒன்று தேவைப்பட்டது.

'பொன்னியின் செல்வ'னில் அந்த உறுதி சற்றுத் தளர்ந்துவிட்டதென்றே நமக்குத் தோன்றுகிறது. கோடிக்கரையில் படகு செலுத்தும் பூங்குழலியின் மனம் இளவரசர் அருள்மொழிவர்மரை நாடுகிறது. அது கைகூடாது என்று தெளிந்து, தன்னை நெடுநாள் நேசித்து வந்த சேந்தன் அமுதனை மணக்க இசைகிறாள். அவன் பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் எளிய தொண்டன். கைக்கெட்டாத அரண்மனையை விட்டு, தன்னை நேசிக்கும் ஒரு மனிதனை அறிந்து ஏற்கும் இந்த இடம் மிக உயர்ந்த இடம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. சேந்தன் அமுதனே கண்டராதித்தரின் உண்மை மகன் என்று தெரியவருகிறது, அவன் உத்தம சோழனாக முடிசூடுகிறான், படகுக்காரி பட்டத்தரசியாகிறாள். படிக்கும்போது நமக்கும் மகிழ்ச்சிதான். மறுக்கவில்லை! ஆனால் அந்த மகிழ்ச்சியில் ஒரு சிறு கள்ளம் இருக்கிறது. பூக்காரனை ஏற்றது வீண் போகவில்லை, அவன் அரசனல்லவா என்று உள்ளம் ஆறுதல் கொள்கிறது. அவன் கடைசி வரை பூக்காரனாகவே இருந்திருந்தால் அவள் தேர்ந்தது வீணாகியிருக்குமா? இந்த வினாவை எழவிடாமல் மணிமுடி மறைத்துக்கொள்கிறது.

வடபுலத்து வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். டில்லியின் குத்புத்தீன் ஐபக், தாம் விலைக்கு வாங்கிய அடிமையான இல்துத்மிஷுக்குத் தம் மகளையே மணமுடித்துக் கொடுத்தார். அந்த அடிமை 1211இல் சுல்தானானார். கதாசிரியர்களின் கனவை விஞ்சும் செய்தி இது. ஆயினும் இதைக் காதற் காவியமாக்கியவர்கள் அரியர். தடையும் கண்ணீரும் இல்லாத இடத்தில் கதைக்கு என்ன வேலை?

தடை பின்னால் வந்தது. இல்துத்மிஷின் மகள் ரஸியா 1236இல் அரியணை ஏறினார். அபிசீனியரான யாகூத்தை அரச குதிரை லாயத்தின் தலைவராக உயர்த்தினார். துருக்கிய அமீர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர்களுள் பலர் தாமே விலைக்கு வாங்கப்பட்டு வந்து பதவி பெற்றவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஏணியில் ஏறியவர்களே ஏணியை இழுத்துக்கொண்டார்கள். 1240இல் யாகூத் கொல்லப்பட்டார். ரஸியா அரியணை இழந்து, அதே ஆண்டில் உயிரும் இழந்தார். அக்காலத்திலேயே வாழ்ந்து வரலாறு எழுதிய மின்ஹாஜுஸ் ஸிராஜ், யாகூத் அரசியின் நெருக்கத்தைப் பெற்றார் என்று கூறுவதோடு நிறுத்திக்கொண்டார். நூறாண்டுக்குப் பின் எழுதிய இஸாமியிடத்தில் அது பழிச்சொல்லாகிறது. இன்னும் பிற்காலத்தில் கதையும் திரைப்படமும் அதையே காதலாக்கின. ஒரு பெண் தகுதி கண்டு ஒருவருக்குப் பதவி கொடுத்திருக்கலாம் என்று எண்ணப் பழி சொன்னவர்களுக்கும் மனமில்லை. காதல் பாடியவர்களுக்கும் மனமில்லை.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். திருமணப் பேச்சு எழும்போது 'குஃபு' என்ற சொல்லும் எழுகிறது. பொருத்தம், ஈடு என்பது அதன் பொருள். ஃபிக்ஹு நூல்கள் அதைப் பேசத்தான் செய்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் பெரிதும் போற்றப்படும் 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவீ (ரஹ்) குலத்தைக் கூறுகிறார், ஒழுக்கத்தைக் கூறுகிறார், தொழிலையும் கூறுகிறார். தெருக்கூட்டுபவர் தையற்காரரின் மகளுக்கு ஈடாகார், தையற்காரர் வணிகரின் மகளுக்கு ஈடாகார் என்ற வரிசையும் அதில் உண்டு. அவ்வரிசை அந்தக் காலத்துச் சமுதாய வழக்கின் நிழல் என்றே நமக்குப் படுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள். குஃபு என்பது பெண்ணுக்கும் அவளுடைய வலீக்கும் உரிய உரிமையாகும். இருவரும் மனமொப்பினால் அதை விட்டுக்கொடுக்கலாம். செல்வத்தைப் பொருத்தத்தில் சேர்ப்பதில்லை என்பதே சரியான கருத்து என்று அதே 'மின்ஹாஜ்' முடிவு கூறுகிறது. நாமோ நூல் தள்ளிவிட்ட ஒன்றை முதலில் கேட்கிறோம். விட்டுக்கொடுக்கத்தக்கதை விலக்கவியலாச் சட்டமாக்குகிறோம். அன்றிரவே சிவகாமிக்காக அழுகிறோம்.

புதினங்களில் நாம் அரிதாகவே காணும் ஒன்றை மதீனாவின் தெருவில் காண்கிறோம். பரீரா என்ற அடிமைப் பெண்ணை அன்னை ஆயிஷா (ரலி) விடுதலை செய்தார்கள். அவளுடைய கணவர் முகீஸ் அப்போதும் அடிமையே. விடுதலை பெற்றவளுக்கு அவரோடு வாழவும் உரிமை உண்டு, பிரியவும் உரிமை உண்டு. அவள் பிரிவதைத் தேர்ந்தாள். முகீஸ் அவள்மீது கொண்ட காதலால் தாடி நனைய அழுதபடி தெருக்களில் அவள் பின்னே சென்றார் என்று புகாரீ நூலில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. அவருடைய நிலை கண்டு இரங்கிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், மீண்டும் அவரோடு வாழலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று அவள் வினவினாள். கட்டளையன்று, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் அவர் தனக்குத் தேவையில்லை என்று அவள் கூறிவிட்டாள். அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை.

கதாசிரியர் ஒருவர் கையில் இது கிடைத்திருந்தால் முகீஸின் கண்ணீர் இறுதியில் வென்றிருக்கும். அழுதவன் பக்கமே நியாயம் என்று நாமும் தலையசைத்திருப்போம். பரீராவின் நிகழ்ச்சியிலிருந்து மூன்று சட்டங்கள் பெறப்பட்டன என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். விடுதலையானதும் தன் வாழ்வை அவளே தெரிவு செய்யலாம் என்பது அவற்றுள் முதலாவது.