சிகரம் காத்திருக்கும், விழுந்தவரால் காத்திருக்க முடியாது

மலைக்குக் கிளம்பும் தம்பிகளே, தங்கைகளே! பை கட்டும் முன் ஒரு சொல் கேளுங்கள். உங்களில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வது என்பதை இன்றே, வீட்டில் இருக்கும்போதே, முடிவு செய்துகொள்ளுங்கள். எட்டாயிரம் மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு மூச்சுக்கும் திண்டாடும் நேரத்தில், அறம் எது என்று உட்கார்ந்து யோசிக்க முடியாது. கீழே எடுத்த முடிவுதான் மேலே கைகொடுக்கும். கூட வந்தவரோ, முன்பின் தெரியாதவரோ, கூலிக்குச் சுமை தூக்கியவரோ, மலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் அந்தக் கணத்தோடு உங்கள் ஏற்றம் முடிந்தது. அவர் எழுந்து தன் வாழ்க்கையைத் தானே பார்த்துக்கொள்ளும் வரை உங்கள் கடமை முடியாது. இதற்கு ஒப்புக்கொண்டால் கயிற்றைத் தொடுங்கள்.

இதை இப்போதே சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் தமிழ்நாட்டு மலையேறி முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது தமிழ்நாடே மகிழ்ந்தது. அவரைப் பார்த்து எத்தனையோ பிள்ளைகள் மலைப்பயிற்சிக்குப் பணம் சேர்க்கிறார்கள். செயற்கைச் சுவரில் பழகிவிட்டு, வார இறுதியில் பாதாமியின் மணற்பாறைக்கும் ஹம்பியின் கருங்கல்லுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறக் கற்றுத்தர ஆள் உண்டு. விழுந்தவரைத் தாங்கக் கற்றுத்தருவது யார்?

2006 மே மாதம் எவரெஸ்டின் வடக்குப் பக்கத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை ஒவ்வொரு மலையேறியும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். டேவிட் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் வீரர், துணையில்லாமல் ஏறிவிட்டு இறங்கும்போது, ஏறத்தாழ 8,500 மீட்டரில் ஒரு பாறைக்குடைவில் உறைந்து உட்கார்ந்துவிட்டார். நாற்பது பேர் வரை அவரைக் கடந்து போனதாக அப்போது செய்திகள் வந்தன. அவர் இறந்துபோனார். எவரெஸ்டில் முதலில் கால் பதித்தவர்களுள் ஒருவரான எட்மண்ட் ஹிலாரி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள், அதே பாதையில், இன்னும் உயரமான இடத்தில், ஆஸ்திரேலியரான லிங்கன் ஹால் விழுந்தார். இறந்துவிட்டார் என்றே அறிவித்துவிட்டார்கள். மறுநாள் காலை டான் மஸூர், ஆண்ட்ரூ பிராஷ், மைல்ஸ் ஆஸ்போர்ன், ஜங்பு ஷெர்பா ஆகிய நால்வர் அந்த வழியாக வந்தார்கள். இரவு முழுவதும் கூடாரமும் ஆக்ஸிஜனும் இல்லாமல் கிடந்த மனிதர் உயிரோடு உட்கார்ந்திருந்தார். உச்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான். வானம் தெளிவாக இருந்தது. நால்வரும் அங்கேயே நின்றார்கள். ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ரேடியோவில் சொல்லி நம்பவைத்தார்கள், மீட்க ஷெர்பாக்கள் மேலே வரும்வரை மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஹால் பிழைத்தார். நால்வரும் உச்சி பார்க்காமல் திரும்பினார்கள்.

இரண்டு முறையும் மலையும் பாதையும் ஒன்றுதான். ‘முன்னால் போனவர் பார்த்திருப்பார்’, ‘எப்படியும் பிழைக்கமாட்டார்’, ‘இதற்காக வீட்டை அடமானம் வைத்து வந்திருக்கிறேன்’ என்ற மூன்று சாக்குகளும் இரண்டு முறையும் எல்லோர் கையிலும் இருந்தன. அவற்றைச் சொல்ல மறுத்தவர்களால் ஓர் உயிர் நின்றது. அந்தச் சாக்குகள் உங்கள் வாயிலும் வரும். வரும்போது அடையாளம் கண்டு விழுங்கிவிடுங்கள்.

பிழைக்கமாட்டார் என்று தீர்ப்பு எழுத நாம் யார்? 2023 ஏப்ரலில் அன்னபூர்ணாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இந்திய வீரர் அனுராக் மாலு பனிப்பிளவுக்குள் விழுந்தார். மூன்று நாட்கள் அவரைப் பற்றிய தகவலே இல்லை. மூன்று இரவுகளைப் பனிக்குள் கழித்தவரை இறந்தவர் கணக்கில் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். குடும்பம் விடவில்லை, தேடியவர்களும் விடவில்லை. தங்கள் சொந்த ஏற்றத்துக்காக அந்த மலைக்கு வந்திருந்த போலந்து வீரர்கள் ஆடம் பியெலெத்ஸ்கியும் மரியுஸ் ஹத்தாலாவும் ஷெர்பாக்களோடு சேர்ந்து போய், பிளவின் ஆழத்திலிருந்து அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். மருத்துவமனையில் பல மணி நேரம் இதயத்தை அழுத்தி அழுத்தியே அவரை மீட்க வேண்டியிருந்தது. அவர் பிழைத்தார். குளிரில் உறைந்த உடலுக்கு ஒரு தனி நியாயம் உண்டு. நாடி தட்டுப்படாது, மூச்சு தெரியாது, ஆனாலும் உயிர் உள்ளே ஒளிந்திருக்கலாம். அதனால்தான் உடலைச் சூடேற்றிப் பார்க்காமல் மருத்துவர்கள் முடிவு சொல்வதில்லை. மருத்துவரே பொறுத்திருக்கும்போது நீங்கள் அவசரப்படாதீர்கள்.

அதே பியெலெத்ஸ்கிதான் 2018 ஜனவரியில் கே-2 மலையில் குளிர்காலப் பயணத்தை நிறுத்திவிட்டு, டெனிஸ் உருப்கோவோடு நங்க பர்பத்துக்கு ஹெலிகாப்டரில் பறந்தவர். கைகால் உறைந்து தனியாக இறங்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு வீராங்கனை எலிசபெத் ரெவோலை, இரவு முழுவதும் ஏறிப் போய்ச் சந்தித்துக் கீழே கூட்டிவந்தார்கள். பணம் உறுதியானால்தான் ஹெலிகாப்டர் கிளம்பும் என்ற நிலையில், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் சில மணி நேரத்தில் நன்கொடை அனுப்பினார்கள். ஆனால் ரெவோலோடு ஏறிய தோமாஸ் மாட்ஸ்கியெவிச் இன்னும் உயரத்தில் கிடந்தார். வானிலை கெட்டுக்கொண்டிருந்தது. அவரிடம் போய்ச் சேர வழியில்லை. மீட்கப் போகிறவரும் சாகக்கூடாது என்பதும் அறத்தின் ஒரு பகுதி. உங்களால் முடியாத இடம் ஒன்று வரலாம். அந்த எல்லை வரை போனவருக்கு மட்டுமே ‘முடியவில்லை’ என்று சொல்லும் உரிமை உண்டு. எட்டிக்கூடப் பார்க்காமல் நடந்தவருக்கு அந்தச் சொல் சொந்தமில்லை.

விழுந்தவருக்காக ஏற்றத்தை விடுவது நேற்று வந்த பழக்கமில்லை. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்களில் மனிதர் முதன்முதலாக ஏறியது 1950இல், அதே அன்னபூர்ணாவில். ஏறிய மோரிஸ் எர்ஸோக்கும் லூயி லாஷ்னாலும் கைகால் உறைந்து இறங்கினார்கள். அடுத்ததாக உச்சிக்குப் போகக் காத்திருந்த லியோனெல் டெரேயும் காஸ்டன் ரெபுஃபாவும் தங்கள் முறையை விட்டுவிட்டு, இரவெல்லாம் அவர்களுடைய கைகால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஷெர்பாக்களும் சுமைகூலிகளும் அந்த இருவரையும் வாரக்கணக்கில் சுமந்து சமவெளி சேர்த்தார்கள். நூல்களில் எர்ஸோக்கின் பெயர்தான் பெரிதாக நிற்கிறது. அந்தப் பெயர் பிழைத்திருந்தது சுமந்தவர்களின் முதுகில்.

2023 மே மாதம், தமிழ்நாடு மகிழ்ந்திருந்த அதே பருவத்தில், எவரெஸ்டில் கெல்ஜே ஷெர்பா என்ற வழிகாட்டி என்ன செய்தார் தெரியுமா? பணம் கொடுத்து வந்த சீன வாடிக்கையாளரை உச்சிக்குக் கூட்டிப்போகும் வழியில், கயிற்றைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்த மலேசிய வீரர் ஒருவரைக் கண்டார். வாடிக்கையாளரிடம் பேசி, உச்சிப் பயணத்தைக் கைவிடச் சொன்னார். அவரும் ஒப்புக்கொண்டார். தூங்கும் பாயில் அந்த வீரரைச் சுற்றிக் கட்டி, இழுத்தும் முதுகில் சுமந்தும், ஏறத்தாழ 600 மீட்டரை ஆறு மணி நேரத்தில் இறக்கினார். வழிகாட்டியைப் போலவே, செலவழித்த பணம் போனாலும் பரவாயில்லை என்று திரும்பிய அந்த வாடிக்கையாளருக்கும் நாம் தலைவணங்க வேண்டும். உங்களில் பெரும்பாலோர் இருக்கப்போவது அவருடைய இடத்தில்தான்.

அடுத்த மூன்று மாதம் போவதற்குள், ஜூலை 27 அன்று, கே-2 மலையின் பாட்டில்நெக் என்ற குறுகிய பனிச்சரிவில் முகமது ஹசன் விழுந்தார். பாகிஸ்தானி சுமைதூக்கி, மூன்று குழந்தைகளின் தந்தை. அந்த உயரத்துக்குத் தேவையான உடைகூட அவரிடம் இல்லை. சிலர் உதவ முயன்றார்கள். ஆனால் அவரைத் தாண்டிக் கால் வைத்து மேலே போனவர்களின் வரிசை நீண்டது. அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உச்சி தொட்டார்கள். ஹசன் அங்கேயே இறந்தார். பிறகு ஆஸ்திரிய வீரர் ஒருவர் அந்தக் குடும்பத்துக்காக நிதி திரட்டினார், உலகம் தாராளமாகக் கொடுத்தது. கொடுத்தது நல்லது. ஆனால் விழுந்தபோது நீளாத கை, செத்தபிறகு நீட்டிய காசால் சுத்தமாகிவிடாது. விழுந்தவர் பணம் கட்டி வந்த வெளிநாட்டவராக இருந்திருந்தால் அந்த வரிசை நின்றிருக்குமா? ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்லுங்கள். ‘மலையேறும் சமூகம்’ என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் சுமைதூக்கி இல்லையென்றால், சமையல்காரர் இல்லையென்றால், அது சமூகமே இல்லை, பயணச்சீட்டு வாங்கியவர்களின் கூட்டம்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். ஹெலிகாப்டர் தரையிறங்கியதும் கைதட்டிவிட்டுக் கலைந்துபோகாதீர்கள். நம் ஊரில் சாவு வீட்டுக்குப் பதினாறாம் நாள் வரை உறவு வரும், பதினேழாம் நாள் வாசல் வெறிச்சோடிவிடும். அடிபட்ட மலையேறியின் வீட்டுக்கும் அதுவே நடக்கிறது. முதுகெலும்பு நொறுங்கியவருக்கு முதல் வாரத்தில் வருகிற நூறு பேர் பெரிதில்லை. ஆறாம் மாதத்தில், படுக்கையில் திரும்பிப் படுக்க ஒரு கை வேண்டியிருக்கும்போது வருகிற ஒருவர்தான் பெரிது. அனுராக் மாலுவுக்குப் பனிப்பிளவில் மூன்று நாட்கள் என்றால், மருத்துவமனையில் மாதக்கணக்கு. அறுவை சிகிச்சை, தோல் ஒட்டுதல், மீண்டும் நடக்கப் பழகுதல் என்று அது நீள்கிறது.

ஆகவே விழுந்தவருக்கு ஆண்டுக்கணக்கில் முறை வையுங்கள். மலையில் உயிரிழந்த நேபாளத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு ஜூனிப்பர் ஃபண்ட் என்ற அமைப்பு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உதவித்தொகை கொடுக்கிறது. 2014 ஏப்ரலில் கும்பு பனியருவியில் பனிச்சரிவு 16 தொழிலாளர்களைக் கொன்றபோது, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்று அரசு அறிவித்த தொகை ஷெர்பாக்களைக் கொதிக்கவைத்தது. ஒருமுறை கொடுத்துக் கைகழுவும் தொகைக்கும், ஐந்து ஆண்டு கூட நிற்கும் தொகைக்கும் உள்ள தூரத்தை அந்தக் குடும்பங்கள் அறியும். உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால், மாதம் ஒரு சிறு தொகையைப் பொது நிதியில் போடுங்கள். மருத்துவமனையில் இரவு தங்க முறை போட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் படிவத்தை நிரப்ப ஒருவர், குழந்தையைப் பள்ளியில் விட ஒருவர், அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ‘ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். துன்பத்தில் இருப்பவர் கேட்கமாட்டார். நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

விழுந்தவரின் கயிற்றைக் கீழே பிடித்திருந்தவரையும் மறக்காதீர்கள். அவர் உடம்பில் காயம் இருக்காது. ஆனால் ஒவ்வோர் இரவும் அந்த விழுகையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். தவறு எங்கே நடந்தது என்று ஆராய வேண்டும், மறுப்பில்லை. அமெரிக்க ஆல்பைன் கிளப் 1948 முதல் ஆண்டுதோறும் விபத்துகளை அலசி வெளியிடுகிறது, அடுத்தவர் பிழைப்பதற்காக. அந்த நோக்கத்தோடு, அமைதியான பிறகு, சம்பந்தப்பட்டவர்களை வைத்துக்கொண்டு பேசுங்கள். காயம் ஆறும் முன்பே ‘யார் போகச் சொன்னது’ என்று கேட்பது ஆராய்ச்சியில் சேராது, அது கொடுமை. குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேரும் முன் விபத்துப் படத்தைக் கைபேசியில் பரப்புவது அதைவிடப் பெரிய கொடுமை.

கடைசியாக, நாளைக்குத் தள்ளிப்போடக்கூடாத வேலைகள். முதலுதவிப் பயிற்சி எடுங்கள், ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி என்று சந்தேகம் வந்தால், உடனடி ஆபத்து இல்லாதவரை நகர்த்தாதீர்கள். பீறிடும் இரத்தத்தை அழுத்திப் பிடியுங்கள். அடிபட்டவருக்கும் தரைக்கும் நடுவே எதையாவது விரித்துச் சூட்டைக் காப்பாற்றுங்கள். நினைவிழந்து கயிற்றில் தொங்குபவரைத் தாமதிக்காமல் இறக்குங்கள். உயர்மலை மீட்பும் ஹெலிகாப்டரும் காப்பீட்டில் அடங்குமா என்று கிளம்பும் முன் படித்துப் பாருங்கள். உங்கள் சுமைதூக்கிக்கும் அதே காப்பீடு, அதே தரத்தில் உடை, கையுறை உண்டா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த நிறுவனத்தோடு போகாதீர்கள். மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவின் சிவதுர்க் மித்ரா போன்ற தன்னார்வக் குழுக்கள் மலையில் சிக்கியவர்களை மீட்டுவருகின்றன. அப்படிப் பயிற்சி பெற்ற குழு தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு மலையடிவாரத்தில் எழ வேண்டும். அதைத் தொடங்கப்போவது யாரோ ஒருவர் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த ஏற்றத்துக்கு முன் உங்கள் குழுவை ஓரிடத்தில் உட்காரவையுங்கள். யார் விழுந்தாலும் எல்லோரும் திரும்புவோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லுங்கள். அந்த உறுதியைத் தரத் தயங்குகிறவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் அவரோடு ஒரே கயிற்றில் ஏறாதீர்கள். ஏற்கெனவே விழுந்து, இன்று எங்கோ ஓர் அறையில் படுத்திருக்கும் உங்கள் நண்பர் ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? இன்று மாலையே போங்கள்.