நாலாவது இடமும் அஞ்சாவது இடமும்

டிசம்பர் கடைசியானால் ஒரு சண்டை வரும். உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். டி.வி.யிலோ செல்போனிலோ, 'இந்த ஆண்டின் சிறந்த பாட்டு எது? உங்கள் ஓட்டு யாருக்கு?' என்று ஒரு பட்டியல் வரும். அதோடு வீட்டில் நிம்மதி போச்சு.

அப்படி ஒரு வருஷக் கடைசியில் நான் ரிஷிவந்தியத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வந்து திண்ணையில் காபியோடு உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கிற அக்கா மகன் செல்போனை நீட்டினான். "மாமா, நம்ம பாட்டுக்கு ஒரு ஓட்டுப் போடுங்க."

கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "இதெல்லாம் ஒரு பாட்டாடா? எங்கேயோ கேட்ட மெட்டு, மேலே நாலு அடி அடிச்சு விட்டிருக்கான்" என்றேன்.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பத்துக் கோடிப் பேர் பார்த்திருக்காங்க மாமா. அத்தனை பேரும் முட்டாளா?"

அடுப்படியிலிருந்து அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பையனுடைய கேள்வி. நிறையப் பேருக்குப் பிடித்தது நல்ல பாட்டா? யோசித்துப் பாருங்கள், லேசான கேள்வி இல்லை இது.

2002-ல் பி.பி.சி. உலக சேவை தன் 70-வது ஆண்டையொட்டி, உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று உலகம் பூராவும் கேட்டு ஓட்டு வாங்கியது. முடிவு வந்தபோது நம்மில் பல பேர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். நாலாவது இடத்தில் 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'! 1991-ல் வந்த படம். இளையராஜா இசை, வாலி பாட்டு, எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் பாடியது. வெள்ளைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற 'பொஹீமியன் ராப்சடி'க்குப் பத்தாவது இடம்தான்.

சந்தோஷம்தான். ஆனால் மற்ற இடங்களையும் பாருங்கள். முதல் இடம் ஓர் ஐரிஷ் விடுதலைப் பாட்டுக்கு. இரண்டாவது, 1952-ல் வந்த 'ஆனந்த் மட்' இந்திப் படத்தின் 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. நாலாவது நம்ம ராக்கம்மா. ஐந்தாவதும் தமிழ்ப் பாட்டு! திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. சினிமாப் பாட்டு இல்லை. ஊரை விட்டு நடந்து போகிற ஈழத்து ஜனங்களைப் பற்றிய பாட்டு. தமிழ்நாட்டில் நாலாவது இடத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஐந்தாவது இடத்தைப் பற்றி யாரும் பேசினதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் பேசவில்லை.

அந்த ஐந்தாவது பாட்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் மெட்டை நிறுத்துப் பார்த்தா போட்டிருப்பார்கள்? லண்டனிலும் டொராண்டோவிலும் குளிரில் உட்கார்ந்துகொண்டு, 'நாங்களும் இருக்கிறோம், எங்களுக்கு ஒரு ஊர் இருந்தது' என்று சொல்லத்தானே போட்டிருப்பார்கள்? ஐரிஷ்காரரும் பாகிஸ்தானியும் அப்படித்தான். நாமும் அப்படித்தான். அந்த ஓட்டு பாட்டைப் பற்றிச் சொன்னதைவிட, போட்டவர்களைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். அதில் தப்பே இல்லை. ஆனால் அதைப் பாட்டின் தரச் சான்றிதழ் என்று நினைத்தால்தான் குழப்பம்.

எண்ணிக்கை நம்மை என்ன செய்கிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள், 2006-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள், கேட்பதற்கு 14,000-க்கும் மேல் ஆட்கள். ஒரு பகுதியினருக்கு வெறும் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுக் கூட்டமாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்கிற கணக்கையும் காட்டினார்கள். கணக்குத் தெரிந்ததும் ஜெயித்த பாட்டு இன்னும் ஜெயித்தது, தோற்றது இன்னும் தோற்றது. அதைவிட வேடிக்கை, கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டுகளின் இடம் மாறியது! ரொம்ப நல்ல பாட்டு மோசமாகத் தோற்பது அபூர்வம், ரொம்ப மோசமானது ஜெயிப்பதும் அபூர்வம். நடுவில் இருக்கிற பாட்டெல்லாம் எங்கே வேண்டுமானாலும் போய் நின்றது. ஆக, பத்துக் கோடியில் முதல் சில ஆயிரம் பேர் பாட்டைக் கேட்டார்கள். மீதிப் பேரில் பாதி எண்ணைக் கேட்டிருக்கலாம்.

'பார்த்தியா, மாமா சொன்னதுதான் சரி' என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். அங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

'எங்கேயோ கேட்ட மெட்டு' என்றேன் இல்லையா? ராக்கம்மாவையே எடுத்துக்கொள்வோம். அந்தக் குத்துப்பாட்டுக்கு நடுவே ஒரு தேவாரம் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? தில்லை நடராஜரைப் பார்த்து அப்பர் பாடியது. ஆயிரத்து முன்னூறு வருஷத்துப் பழசு. ஒரு பக்கம் குத்தாட்டம், இன்னொரு பக்கம் கோயில் பாட்டு, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் நிற்கின்றன. பழசை எடுத்தது குற்றமென்றால் ராக்கம்மாவும் குற்றவாளி. எடுத்ததை என்ன செய்தார், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறைத்தாரா இல்லையா என்பதுதானே கேள்வி? நான் அக்கா மகனுடைய பாட்டை அப்படிக் கேட்கவே இல்லை. அரை நிமிஷம் கேட்டேன், தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவன் எண்ணைக் காட்டி வாயடைத்தான், நான் வயசைக் காட்டி வாயடைத்தேன். ரெண்டு பேருமே பாட்டைக் கேட்கவில்லை.

டேவிட் ஹியூம் என்கிற தத்துவஞானி 1757-ல் ரசனையின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல ரசிகனுக்கு அவர் கேட்கிற தகுதிகளில் மூன்று: பழக்கம் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும், முன்முடிவு இருக்கக் கூடாது. முதல் இரண்டும் எனக்கு இருப்பதாக ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதில் நான் ஃபெயில்.

ஓட்டு என்றால் ரிஷிவந்தியத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011-ல் இந்தத் தொகுதி ஜெயிக்க வைத்த விஜயகாந்த்தான் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். தேர்தலில் தோற்றவனும் முடிவை ஒத்துக்கொண்டாக வேண்டும். ஏனென்றால் ஊருக்கு ஒரு எம்.எல்.ஏ.தான் இருக்க முடியும். பாட்டுக்கு அந்தக் கட்டாயம் ஏது? பத்துக் கோடிப் பேர் ஒரு பக்கம் நின்றாலும் என் காதில் என் பாட்டு ஓடலாம். அதே நியாயப்படி, எனக்குப் பிடிக்காத பாட்டு அடுத்தவர் காதில் ஓடுவதைத் தடுக்கவும் எனக்கு அதிகாரம் கிடையாது.

இப்போது அக்கா சொன்னது.

"உங்க மாமாகிட்ட காட்டாதடா. அவனுக்காகத்தான் நான் பாடுறதையே விட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் மெல்ல ஞாபகம் வந்தது. நான் காலேஜில் சேர்ந்த புதுசு. சிலோன் ரேடியோவில் கேட்ட ஒரு பாட்டை அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடுவாள். "டீக்கடையில ஓடுற பாட்டையெல்லாம் பாடுறியே, ரசனையே இல்லையா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறேன். கேட்டது எனக்கு மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்தப் பாட்டு நல்ல பாட்டா, சுமாரான பாட்டா என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். என்ன பிரயோஜனம்? எங்கள் வீட்டில் ஒரு குரல் நின்றுபோனதற்கு நான் காரணம்.

அன்றைக்கு ராத்திரி அக்கா மகனிடம் செல்போனை வாங்கி அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். பல்லவி இப்போதும் பிடிக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் ஓர் இடம் நன்றாக இருந்தது. இரண்டையும் சொன்னேன். "அந்த இடம்தான் மாமா எனக்கும்" என்றான்.

வரும் டிசம்பரில் உங்கள் வீட்டிலும் பட்டியல் வரும். தாராளமாக ஓட்டுப் போடுங்கள், சண்டையும் போடுங்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் முன்பு பாடிக்கொண்டிருந்து இப்போது பாடாமல் இருக்கிறவர் யாராவது இருக்கிறாரா, கொஞ்சம் யோசியுங்கள்.