இரண்டு கிராமும் ஒரு பத்வாவும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் போதைப்பொருள் பற்றிய பேச்சு ஹராம் என்று தொடங்கி, தண்டனை போதாது என்ற ஆதங்கத்தில் முடிவது வழக்கம். ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்டிக்கப்படுபவரின் அறிவு எந்நிலையில் இருக்கிறது என்ற கேள்வியை நாட்டின் சட்டமும் ஊரின் ஆதங்கமும் ஒருசேரக் கடந்துவிடுகின்றன.

1929ஆம் ஆண்டின் நச்சுப் பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, 2 கிராம் ஹெரோயினை வைத்திருப்பதே மரண தண்டனைக்கோ ஆயுட்கால சிறைக்கோ உரிய குற்றமாயிற்று. 2022இன் திருத்தம் 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெற்றமினை 5 கிராம் என்ற எல்லையோடு அவ்வரிசையில் சேர்த்தது. 1976இன் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படாததால் மரணத் தீர்ப்பும் நடைமுறையில் நீண்ட சிறையாகவே கழிகிறது. 2 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சீனியில் பாதி. அவ்வளவு சிறு தூளை விற்கக் கொண்டுபோனவரும், அதின்றி எழுந்து நிற்க இயலாதவரும் தராசின் முன் ஒருவரே.

இவ்வூர்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு, அதாவது இமாம் ஷாபிஈயின் சட்டவழி, இவ்விடத்தில் வேறு விதமாக நடக்கிறது. அம்மத்ஹபின் பேரறிஞர் கஸ்ஸாலி, ஷரீஆ காக்கும் ஐந்து அடிப்படைகளில் அறிவையும் ஒன்றாக எண்ணினார். அவ்வறிவைக் கெடுக்கும் மதுவை அருந்தியவருக்கு வரையறுத்த தண்டனையான 'ஹத்து' உண்டு என்ற ஷாபிஈ அறிஞர்கள், கஞ்சா போன்ற திடப் பொருட்களுக்கு நீதிபதி ஆளையும் சூழலையும் பார்த்து முடிவுசெய்யும் 'தஃஸீர்' தண்டனையையே விதித்தனர். இதை இளக்கம் என்று கொள்வது பிழை; தானே விரும்பிக் குடித்தவன் போதையில் சொன்ன தலாக்கைக்கூடச் செல்லுபடியாக்கிய கண்டிப்பான மரபு அது.

அம்மரபில்தான் 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அல்ஹைதமியிடம், அபினுக்கு அடிமையாகி, அதை நிறுத்தினால் உயிர் போய்விடும் நிலையிலிருப்பவரைப் பற்றிக் கேட்கப்பட்டது. உயிர் போவது உறுதியென்றால், பசியால் சாகக் கிடப்பவர் செத்த பிராணியை உண்பதைப் போல அதை உட்கொள்வது அவருக்குக் கடமையே என்றும், ஆனால் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துவருவதும் கடமை என்றும், குறைக்காது விட்டால் அவர் பாவியாவார் என்றும் ஹைதமி பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வழங்கினார். உட்கொள்வதிலிருந்த பாவம் இங்கே குறைக்காமலிருப்பதற்கு இடம் மாறியது. அவர் எடைபோட்டது பொருளை அல்ல, ஆளின் நிலையை.

ஐஸ் அபின் அல்ல; ஐஸை நிறுத்துவதால் உயிர் போவது அரிது என்பதால், அந்தச் சலுகையை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. விற்பவருக்கு அதில் இடமேயில்லை. ஆயினும் அடிமைப்பட்டவரை மருத்துவத்துக்குரியவராகப் பார்க்கும் கண் நம் நாட்டுச் சட்டத்திலும் இல்லாமலில்லை: போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதவானுக்கு வழிவிடும் சட்டம் 2007இலேயே நிறைவேறியது. தண்டனை போதாது என்று உரத்துப் பேசும் மேடைகளில் அச்சட்டத்தின் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது. ஹைதமியின் பத்வாவும் அவ்வாறே.