விலையும் நியாயமும்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை 2017 ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2018இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2022இல் அதே அணி 4 கோடி கொடுத்தது. 2024 நவம்பரில் டெல்லி கொடுத்த விலை 10.75 கோடி. இவற்றில் எது நியாய விலை என்று கேட்டால் கேள்வியே சற்றுத் தடுமாறுகிறது.

இடையில் அவர் இந்தியாவுக்காக ஆடினார், கை தேர்ந்தது என்பது உண்மை. ஆனால் 40 லட்சம் சுமார் 27 மடங்கானதை அது மட்டும் விளக்காது. ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு: 2018இல் 80 கோடி, 2025 பருவத்துக்கு 120 கோடி. வரம்பு ஏறியது ஒன்றரை மடங்கே. வரம்பு இருக்குமிடத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் ரூபாய் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாமற்போன ரூபாய். ஆகவே ஏலவிலை, ஆளைப் பற்றிச் சொல்வதைவிட, அந்நேரம் வேறு யார் மிஞ்சியிருந்தார்கள், எந்தப் பையில் எவ்வளவு மிச்சம் என்பதையே அதிகம் சொல்கிறது.

2025இல் அவர் டெல்லிக்காக ஆடியவை இரண்டே ஆட்டங்கள். பணம் வீண் என்றார்கள். விளைவைக் கொண்டு விலையை அளப்பது எனக்கு ஒப்பவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு அடிக்கணக்கில் கூலி. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். புழுதி மட்டுமே கக்கிய குழிக்குக் கொடுத்த பணம் வலிக்கும், அதனாலேயே அநியாயமாகிவிடாது. பேரம் நடந்தபொழுது இரு தரப்புக்கும் என்ன தெரிந்திருந்தது என்பதே அங்கு கேள்வி.

ஆனால் இந்த அளவுகோலும் வாங்குபவர்களுக்கிடையே உள்ள நியாயத்தோடு நின்றுவிடுகிறது. 2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைப் பெற்றது. சாம்சனின் 18 கோடி அப்படியே நின்றது. ஜடேஜாவின் 18 கோடி 14 ஆயிற்று. எந்த அணிக்கு லாபம் என்றே என்னிடம் பேசியவர்கள் தர்க்கித்தார்கள். குறைந்த 4 கோடியை யார் பெயரில் பற்று எழுதுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

14 கோடி வாங்குபவருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. நான் பார்ப்பது பேரத்தின் வடிவத்தை. அணி மாற்றத்துக்கு ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும். மறுக்க அவருக்கு வழியிருந்தது. ஏலத்தில் அந்த வழி குறுகியது. அடிப்படை விலையை அவர் குறிக்கலாம், அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது; எடுக்கப்பட்டபின் தக்க காரணமின்றி விலகினால் இப்போது இரண்டு பருவத் தடை. பள்ளிபாளையத்து விசைத்தறியில் கூலிக்கு நிற்பவரின் வழி இன்னும் குறுகியது. அவர் கூலிக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது: நூல் விலையும் துணி வாங்குபவனும் போக மிஞ்சுவது. அதை அவர் வகுக்கவில்லை. அவருக்காக இரண்டாவது கை உயர்வதும் அபூர்வம்.

தொகையை மட்டும் வைத்து நியாயத்தை முடிவு செய்ய முடியாது என்றே நினைக்கிறேன். விலை சொல்லப்பட்டவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாளும் சாப்பிட முடியுமா என்று பார்க்க வேண்டும்.